கீழ் அடுக்குச் சோறு

நாலாவது நாளும் கிண்ணம் வைத்தது வைத்தபடியே கிடந்தது.

சமையலறை மூலையில் மகள் விரித்த ரப்பர் விரிப்பு, அதன்மேல் கிண்ணம், கிண்ணத்தில் அளந்து போட்ட சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கறியும், கறியின்மேல் ஓர் ஈ. கொக்கி ஈயை விரட்டினான். குந்தி உட்கார்ந்தான். எழுந்தான். சமையலறையிலிருந்து வாசல் கதவுக்குப் பதினோரு எட்டு. காலையிலிருந்து அதை எத்தனை தடவை அளந்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

நாய் முன்னறை மேசைக்கடியில் தாடையைத் தரையில் பதித்துப் படுத்திருந்தது. கண் மட்டும் அவன் காலோடு போய்ப் போய் வந்தது.

"வாடா போல்ட்டு. கறிடா. நான் தின்னுடுவேன், பாத்துக்க."

வாலின் நுனி ஒரு தடவை அசைந்தது. அதற்குமேல் மரியாதை இல்லை.

இரும்புக் குழாய்க் கிடங்கில் கிரேனுக்குக் கீழே நின்று, குழாய்க் கட்டுகளுக்குச் சங்கிலி போட்டுக் கொக்கி மாட்டிவிடுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருஷம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வாயில் புழங்கியது கொக்கிதான். போன வாரம் ஒரு கட்டு ஆடிவந்து வலது தோளை இடித்துவிட்டுப் போனது. மூன்று நாள் ஆஸ்பத்திரி, ஆறு வாரம் ஓய்வு என்று எழுதிக் கையைக் கழுத்தோடு பட்டையில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நாய் சோற்றை நிறுத்தியது.

விலங்கு டாக்டரம்மா நாயை மேசைமேல் ஏற்றி அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை.

"இதுவரைக்கும் எப்படிச் சாப்பாடு குடுத்தீங்க?" என்று கேட்டார்.

கொக்கிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. காலையில் அவன் டீ குடிக்கும்போது ஒரு ரொட்டித்துண்டு. சாயங்காலம் நாலு மணிச் சங்கு ஊதி, வேலை முடிந்து வந்ததும் கேரியரின் கீழ் அடுக்கில் மிச்சம் வைத்திருந்த சோறு. ஆறு வருஷமாக அதுதான். மிச்சம் என்று சொல்வதே பொய். நாய்க்கென்று பாதியை ஒதுக்கிவிட்டுத்தான் மதியம் அவன் கையே வைப்பான்.

"உப்பு, வெங்காயம், காரம் எல்லாம் சேர்த்தா?"

"நான் தின்னதுதான் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே அளவு. வைத்துப் பதினைந்து நிமிஷத்தில் தின்னாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். நடுவில் எதுவும் கூடாது. கையால் ஊட்டக்கூடாது. இரண்டு நாள் முறைக்கும், பிறகு வழிக்கு வரும் என்றார். வராவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள், ட்ரிப் ஏற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அந்தக் காகிதம் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் மகள். மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிறவள். அளவு என்று எழுதியிருந்தால் அவளுக்கு அது சாமி வாக்கு. இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடி போலவே, நாய்க்கு என்று ஒரு பிளாஸ்டிக் குவளையில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

அன்றைக்குக் காலை அவள் கிளம்பும்போது விரிப்பில் பிஸ்கட் தூள் கண்ணில் பட்டது.

"அப்பா, இது என்ன?"

"எது?"

"இது."

"நான் தின்னது சிந்தியிருக்கும்."

"நீங்க தரையில மண்டி போட்டா பிஸ்கட் தின்னீங்க?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "முட்டை ஒரு வாய் குடுத்தேன். நக்கிச்சு. அப்புறம் வாந்தி எடுத்துடுச்சு. பாவம் பாப்பா, விலா எலும்ப எண்ணலாம் போல இருக்கு."

"ஊட்டக்கூடாதுன்னு எழுதியிருக்கில்ல? ஆறு வாரம் கைய அசைக்காதீங்கன்னு உங்களுக்கும்தான் எழுதியிருக்கு. நேத்து சிலிண்டர உருட்டினது யாரு? இந்த வீட்ல ரெண்டு நோயாளி. ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது."

"அதுக்குப் பசிக்கலன்னா பரவால்லடி," என்று உள்ளேயிருந்து அம்மாக்காரி குரல் கொடுத்தாள். "இவருக்கும் பசிக்கலயாம். நேத்து மத்தியானத் தட்டு அப்படியே மூடி இருந்துச்சு. நான் யாருக்குன்னு அடுப்புல நிக்கிறது?"

மகள் போய்விட்டாள். மனைவி துணி துவைக்கப் பின்பக்கம் போய்விட்டாள். கொக்கி பதினோரு எட்டைத் திரும்ப ஆரம்பித்தான். பகலில் வீடு இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. குழாய் சொட்டுவது, பக்கத்து வீட்டு மிக்ஸி, யாரோ எங்கேயோ நாற்காலியை இழுப்பது. கிடங்கில் காது கிழிகிற சத்தம். அதில் அவன் நின்றுகொண்டே தூங்குவான். இங்கே ஒரு சொட்டுச் சத்தத்தில் உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது.

மேசைக்கடியில் பிணம் மாதிரிக் கிடந்த நாய் எழுந்தது. கால் தள்ளாடியது. வாசலுக்குப் போய், கேட்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் சந்தில் மூக்கைச் செருகிப் படுத்தது. காது இரண்டும் நட்டுக்கொண்டன. தெருவில் பூட்ஸ் பூட்ஸாகப் போயின. கிடங்கு ஆட்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாயின் முதுகு லேசாக எழும்பி, லேசாகத் தணிந்தது. கடைசி ஜோடியும் போன பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வழியில் கொக்கியின் வெறுங்காலைத் தாண்டித்தான் போனது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அட நாயே," என்றான் கொக்கி. "நான் இங்கதானடா இருக்கேன்."

பின்பக்கம் ஓடினான். "ஏம்மா, நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப இது தின்னுச்சுன்னு சொன்னியே. எதுல போட்ட?"

மனைவி சோப்பு நுரைக் கையோடு யோசித்தாள். "உங்களுக்குச் சோறு கொண்டாந்த கேரியர்லதான். நீங்க வச்ச மிச்சத்த வந்ததும் கொட்டுனேன். அரைகுறையாத் தின்னுச்சு. ஏன்?"

அவன் உள்ளே ஓடினான். கேரியரை எடுத்தான். மகளின் குவளையால் சோறும் கறியும் அளந்து கீழ் அடுக்கில் போட்டான். இடது கையால் கிளிப்பைப் பூட்ட முடியாமல், வயிற்றில் அணைத்துக்கொண்டு முழங்கையால் அழுத்திப் பூட்டினான். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய், முக்கு வரை நடந்து, திரும்பி வந்து, கேட்டைத் திறந்தான்.

நாய் வந்தது. கேரியரை மோந்தது. பிறகு குனிந்து அவன் செருப்பை மோந்தது. போய்ப் படுத்துக்கொண்டது.

"திருட்டுத்தனம் செல்லல," என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

மறுநாள் மதியம் அவன் பூட்ஸை எடுத்துக்கொண்டு அவள்முன் வந்து நின்றான். ஒற்றைக் கையால் கயிறு கட்ட முடியாது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் காலடியில் உட்கார்ந்ததில்லை அவள். இன்றைக்கு உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பூட்ஸுக்கும் முடிச்சுப் போட்டாள்.

"டாக்டரம்மா நேரத்துக்குப் போடுன்னாங்க. வேஷம் போடுன்னா சொன்னாங்க?"

"இது தின்னலன்னா நாளைக்கு ஊசி குத்தி பாட்டில் மாட்டணும். இறுக்கிக் கட்டு."

தெருமுக்கில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவன் கடை. கொக்கி அங்கே ஒரு பழைய டயரின்மேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதும் பொய்தான். நின்றான், நடந்தான், கிரீஸ் டப்பாவை இடம் மாற்றினான், கழன்று கிடந்த நட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

"அண்ணே, புதுக் கம்பெனி சேந்துட்டீங்களா? சொல்லவே இல்ல," என்றான் டயர்க்காரன்.

"ஆமா. முதலாளி நாய்."

"எல்லா முதலாளியும் அப்படித்தாண்ணே. என் பொண்டாட்டிட்டயும் இதையேதான் சொன்னேன்."

சங்கு ஊதியது. கொக்கி கேரியரோடு எழுந்தான். வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி நடந்தான். கேட்டுச் சந்தில் கருப்பு மூக்கு தெரிந்தது. இரண்டு வீட்டுக்கு முன்பே உள்ளேயிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கேட்டைத் திறந்ததும் நாய் அவன் பூட்ஸ்மேல் ஏறி, கிரீஸ் படிந்த கையை நக்கி, கேரியரை முட்டியது. டக்கென்று கிளிப் திறந்த சத்தத்துக்கு அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. விரிப்பில் கிண்ணத்தை வைத்துக் கொட்டியதும், மூச்சு விடாமல் தின்றது. கிண்ணம் சமையலறைச் சுவர்வரை நகர்ந்து போய் இடித்து நின்றது.

அன்றைக்குக் கொக்கியும் இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

ராத்திரி கடையிலிருந்து வந்த மகள் கிண்ணத்தைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "ஒரே நேரம், ஒரே இடம், ஒரே அளவு. சரிதான். பூட்ஸ் மட்டும் அதுல இல்ல," என்றாள்.

அது பத்து நாள் ஓடியது. நாய்க்கு விலா மறைந்தது. காலை வேளையையும் அரைமனதாக நக்க ஆரம்பித்தது. வழிக்கு வராதது கொக்கிதான். டயர்க் கடையில் அவனால் இருக்க முடியவில்லை. நாலாம் நாள் கடையைத் தாண்டிக் கிடங்குக் கேட்டுவரை போனான். வாட்ச்மேனோடு நின்றான். ஏழாம் நாள் கேட்டுக்குள்ளே கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தான். அங்கிருந்து கிரேன் தெரிந்தது. அவன் இடத்தில் வேறோர் ஆள் நின்று சங்கிலி மாட்டுவதும் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "அந்தப் பக்கம் பாரம் சாயும்." டீ ஆறிப்போனது.

பத்தாம் நாள் நிஜமாகவே சாய்ந்தது. புது ஆள் கட்டின் ஒரு நுனிக்கு ரொம்பப் பக்கத்தில் சங்கிலியைச் சுற்றியிருந்தான். கட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியதும் மறுநுனி கீழே தொங்கிக் குழாய்கள் வழுக்க ஆரம்பித்தன. கொக்கி கத்திக்கொண்டே ஓடினான். புது ஆளை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு, ஆடுகிற கட்டைத் தொங்கல் சங்கிலியில் பிடித்து இழுத்து நிறுத்தினான். எந்தக் கையால் பிடித்தான் என்று யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் பிடித்த கை எதுவோ அதுதான் போனது.

கட்டு இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொக்கி மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்தான், முகம் சாம்பலாக.

கிரேன்காரன் ஏணியில் பாதி இறங்கி மீதியைக் குதித்தான். "டேய் மச்சான், அறிவிருக்கா உனக்கு? யாருடா உன்ன உள்ள விட்டது? எதுக்குடா வந்த?"

"நாய்க்குச் சோறு போடணும்," என்றான் கொக்கி.

வலியில் உளறுகிறான் என்று நினைத்து அவனைத் தூக்கினார்கள்.

எலும்பு டாக்டர் இந்தத் தடவை திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மூன்று மாசம், படுக்கையில் பாதி நேரம் என்றார். அப்புறம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இனிமே சங்கிலி தூக்குற கை இல்ல இது. உக்காந்து செய்யுற வேலை ஏதாவது கேட்டுப் பாருங்க," என்றார்.

கிடங்கு மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார். கொக்கி இனிமேல் கிடங்குக் கேட்டுக்குள் காலை வைத்தால் வாட்ச்மேனுக்கு வேலை போய்விடும் என்றார். டிரம்மில் வருகிற போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரிக்கிற ஷெட்டில் ஆள் இல்லை, வீட்டிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் நாளைக்கே வரலாம் என்றும் சொன்னார்.

"நான் வரேண்ணே," என்றாள் மனைவி.

"நீ எதுக்கு?" கட்டிலிலிருந்து கொக்கி கத்தினான். "அங்க எண்ணெயும் அழுக்கும். நாளெல்லாம் குனிஞ்சே கெடக்கணும்."

"இங்க மட்டும் நான் ஊஞ்சல் ஆடுறேனாக்கும். ஆறு வருஷம் முன்னாடி அந்த ஷெட்டு டிரம்முக்குள்ள கெடந்த குட்டியத்தான தூக்கிட்டு வந்து போல்ட்டுன்னு பேரு வச்சீங்க? நானும் போய் ஒண்ணு தூக்கிட்டு வரேன். பேசாம படுங்க."

பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பெண் அளவில் பூட்ஸ் ஸ்டோரில் இல்லை. காலையில் அவள் அவனுடைய பூட்ஸையே எடுத்தாள். நுனியில் பழைய துணியைத் திணித்தாள். கேரியரில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு, தொப் தொப் என்று நடந்து போனாள். கொக்கி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

அவன் அடிபட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. நாய்க்கும் திரும்ப மூன்று நாள் பட்டினி. மகள் முந்தாநாள் கடைக்கு விடுப்புப் போட்டு, வாசலிலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் உள்ளே வந்து பார்த்தாள். நாய் எல்லாவற்றையும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. இன்றைக்கும் தின்னாவிட்டால் நாளைக் காலை ட்ரிப் என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார்.

பகல் நகரவில்லை. கொக்கி எழுந்து உட்கார்ந்தால் தோள் வலித்தது, படுத்தால் மனசு ஓடியது. இப்போது முதல் டிரம் கவிழ்த்திருப்பார்கள். இப்போது டீ. இப்போது அவள் குனிந்த முதுகை நிமிர்த்தப் பார்த்திருப்பாள், மேஸ்திரி முறைத்திருப்பார். மனைவி மூடிவைத்துவிட்டுப் போன தட்டைத் திறந்து பார்த்தான். மூடினான்.

சங்கு ஊதியது.

நாய் எழுந்து போனது. இந்தத் தடவை நடையில்லை, தேய்த்துக்கொண்டு போனது. கேட்டுச் சந்தில் மூக்கை வைத்தது. கொக்கியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தான். பூட்ஸ்கள் போயின. நாயின் முதுகு எழும்பித் தணிந்தது, எழும்பித் தணிந்தது. கடைசியாக ஒரு ஜோடி, மற்றவற்றுக்கு ரொம்பப் பின்னால், இழுத்து இழுத்து வந்தது. தொப். தொப்.

அந்த நடையை நாய்க்குத் தெரியாது. பூட்ஸைத் தெரியும். காது முன்னும் பின்னும் போய்வந்தது. கேட்டைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். நெற்றியில் எண்ணெய்க் கறுப்பு. நாய் பூட்ஸை மோந்தது, கையை மோந்தது, மேலே நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது, திரும்ப மோந்தது. அப்புறம் வால் ஆடத் தொடங்கியது.

ஆளைக்கூடத் தேடவில்லை, சனியன், பூட்ஸைத்தான் தேடியிருக்கிறது. கொக்கி மனசுக்குள் கணக்குப் போட்டான். ஆறு வருஷம் பாதிச் சோறு.

அவள் விரிப்புப் பக்கத்தில் கேரியரை வைத்துக் கிளிப்பைத் திறந்தாள். டக். நாய் கீழ் அடுக்குக்குள் மூக்கை விட்டது. காலி. வழித்துத் துடைத்த மாதிரிக் காலி. நாய் அவளைப் பார்த்தது.

"ஐயோ," என்றாள் அவள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "பசிங்க. என்னன்னே தெரியல, அப்படி ஒரு பசி. இதுக்கு வைக்கணும்னு ஞாபகமே வரல. ரெண்டு அடுக்கையும் தின்னுட்டேன்." அவள் கண் நிறைந்துவிட்டது.

நாய் காலி அடுக்கை நக்கியது. தகரம் தரையில் கிறீச்சிட்டது. பிறகு நக்குவதை நிறுத்தியது. எந்த நேரமும் திரும்பிப் போய்ப் படுத்துவிடும்.

கொக்கி பதினோரு எட்டையும் ஐந்தாகத் தாண்டினான். அடுப்படியில் இருந்த சோற்றை மகளின் குவளையில் கோடுவரை அள்ளினான், இடது கையால், பாதி சிந்தி. கறியைச் சிந்தாமல் எடுத்தான். வந்து, நாயின் மூக்குக்குக் கீழேயே, அந்தத் தகர அடுக்குக்குள் கொட்டினான்.

நாய் அவனைப் பார்க்கவில்லை. தின்றது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கு தரையில் இழுபட்டுப் போய்ச் சுவரில் இடித்தது. அவள் முகத்தைத் துடைத்ததில் கறுப்பு கன்னம்வரை பரவியது.

"நீங்க சாப்டீங்களா?"

"இல்ல."

"மூடி வச்சிட்டுத்தான போனேன்?"

"இருந்துச்சு. தோணல." நாயைப் பார்த்துக்கொண்டே, "நீ வரட்டும்னு பாத்தேன்," என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். காலை நீட்டினாள். அவன் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கையாலும் பல்லாலும் பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தான். கட்டத்தான் இரண்டு கை வேண்டும்.

மறுநாளிலிருந்து கேரியர் கட்டுவது அவன் வேலை. மேல் அடுக்கிலும் நடு அடுக்கிலும் அவளுக்கு. அதற்காகவே கடையில் போய் மூன்று அடுக்குக் கேரியர் வாங்கி வந்திருந்தாள் மகள். கீழ் அடுக்கில் உப்பில்லாத சோறும் கறியும், கோடுவரை. சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகுமே என்று மகள் கேட்டாள்; கிடங்குக் கேன்டீன் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துவர ஏற்பாடு ஆனது. நாயின் சோறு தினமும் கிடங்குக்குப் போய் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியது. காலை வேளையை, அவள் கேட்டைச் சாத்தியதும், கொக்கி கிண்ணத்தில் வைத்தான். நாய் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பாதி தின்னும். பதினைந்து நிமிஷத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுவான். இப்போதெல்லாம் பிஸ்கட் இல்லை.

நடை நிற்கவில்லை. பதினோரு எட்டு போக, வர. தோளுக்குள் இன்னமும் ஏதோ ஒரு சங்கிலி ஆடிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று டாக்டர் சொன்னது எதுவாக இருக்கும் என்று சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டே யோசிப்பான். ஒரு நாள் அந்தக் குழாயை இடது கையாலேயே கழற்றி வாஷரை மாற்றினான். சத்தம் நின்றது. அதற்கப்புறம் இன்னும் தாங்கவில்லை.

மகளுக்கு வார விடுமுறை வந்த அன்று சாயங்காலம், நாலு மணிச் சங்குக்கு அவள் சமையலறையில் நின்றிருந்தாள். முன்னறையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நாய் கேட்டுச் சந்தில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் அப்பா, பட்டையில் தொங்குகிற கையோடு, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

தொப், தொப் என்று பூட்ஸ் வந்தது. கேட்டைத் தள்ளிய அம்மாவால் முழுசாகத் திறக்க முடியவில்லை.

"தள்ளுங்க ரெண்டு பேரும்," என்றாள் அம்மா. "வழிய மறிச்சுக்கிட்டு வாசல்லயே கெடந்தா நான் எப்படி உள்ள வந்து சோறு போடுறது?"